கணக்கில் சேராத ஓர் உயிர்: மனபாரம் குறைக்கும் வித்தியாசமான வளர்ப்புகள்

விதை போட்ட நாளிலிருந்து அறுவடைப் பணம் கைக்கு வரும் வரை விவசாயியின் மனசு ஓய்வதில்லை. மழை வருமா, மும்முனை கரன்ட் எப்போது வரும், மார்க்கெட்டில் என்ன விலை போகும், சொசைட்டி கடனுக்குக் கடைசி நாள் எது என்று ஒன்று மாற்றி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டார் போட நடுராத்திரியில் எழுந்தவர் திரும்பப் படுத்தால் தூக்கம் பிடிக்காது. நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், சாப்பாட்டில் நாட்டமில்லாமல் போவது, வீட்டில் யார் பேசினாலும் சுள்ளென்று விழுவது என்று தொடரும். இதையெல்லாம் வெறும் உடல் அசதி என்று நினைத்து டானிக் வாங்கிக் குடிப்பவர்கள் நம்மூரில் நிறைய. பல நேரம் இவை மன அழுத்தத்தின் அறிகுறிகள்.

வீட்டில் ஒரு நாய் இருந்தால் மனசு லேசாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாய், பூனை தவிர, யாரும் செல்லப்பிராணி என்றே நினைக்காத சின்னச் சின்ன உயிர்களும் அந்த வேலையைச் செய்கின்றன என்பதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தென்கொரியாவில் நடந்த ஆய்வு ஒன்றைக் கேட்டால் முதலில் சிரிப்புத்தான் வரும்.

ஐந்து சுவர்க்கோழிகள்

ராத்திரியில் மூலையில் உட்கார்ந்து கிர்ரென்று கத்தும் சுவர்க்கோழியை நாம் துடைப்பத்தால் தள்ளுவோம். சீனா, கொரியா பக்கம் அதன் சத்தத்துக்காகவே அதை வளர்க்கும் பழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. சீனாவில் அதற்கென்றே சுரைக்குடுக்கையில் கூடு செய்வார்கள். இந்தப் பழக்கத்தை வைத்து, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 94 பேரிடம் கொரிய மருத்துவர்கள் சோதனை செய்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு ஆரோக்கிய ஆலோசனை மட்டும். மறுபாதிப் பேருக்கு ஆலோசனையுடன் ஒரு கூண்டில் ஐந்து சுவர்க்கோழிகளும், வளர்க்கும் முறை பற்றிய குறிப்பும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், பூச்சி வளர்த்தவர்களிடம் மனச்சோர்வு அளவு குறைந்திருந்தது. நினைவாற்றல், கவனம் போன்றவற்றைச் சோதிக்கும் தேர்விலும் அவர்கள் முன்னேறியிருந்தார்கள். 2016-இல் இது மருத்துவ இதழில் வெளிவந்தது. பெரிய மாற்றம் என்று சொல்ல முடியாது; தூக்கம், களைப்பு போன்றவற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனாலும் ஐந்து பூச்சிக்கு ஆகும் செலவு என்ன? கொஞ்சம் தீனி, ஒரு கூண்டு, தினமும் சில நிமிடம். அவ்வளவுதான்.

இஸ்ரேலில் 2003-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு வேறு விதம். 58 பேரை ஒரு பெரிய மயிர்ச்சிலந்தி இருக்கும் அறையில் உட்காரவைத்து, அதைக் கையில் பிடிக்க வேண்டியிருக்கலாம் என்று பயமுறுத்தினார்கள். பிறகு சிலருக்கு உயிருள்ள முயல், சிலருக்கு உயிருள்ள ஆமை, சிலருக்கு அதே மாதிரி பொம்மை கொடுத்துத் தடவச் சொன்னார்கள். முயலைத் தடவியவர்களுக்கும் ஆமையைத் தடவியவர்களுக்கும் படபடப்பு குறைந்தது. பொம்மையைத் தடவியவர்களுக்குக் குறையவில்லை. ஆமை ஓடு கல் மாதிரி இருக்கும், மெத்தென்ற உரோமம் கிடையாது. அப்படியும் வேலை செய்தது. விலங்குகள் மேல் பிரியம் உள்ளவர், இல்லாதவர் இருவருக்கும் பலன் இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இது எப்படி நடக்கிறது? கவலை என்பது பெரும்பாலும் நாளைக்கு என்ன ஆகுமோ என்பதைப் பற்றியது. ஓர் உயிருக்குத் தண்ணீர் வைக்கும்போது மனசு இந்த நிமிடத்துக்கு வந்துவிடுகிறது. தினமும் ஒரே நேரத்தில் செய்ய ஒரு சின்ன வேலை, அதற்கு உடனே தெரியும் பலன், நம்மை நம்பி ஒன்று இருக்கிறது என்ற எண்ணம். நிலத்தில் போட்ட உழைப்புக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். தீனி போட்டால் அது வந்து தின்பதை அப்போதே பார்க்கலாம். உடலிலும் மாற்றம் உண்டு. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் நாய், பூனைகளைப் பத்து நிமிடம் தடவிக் கொடுத்த பிறகு, மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் அவர்கள் உமிழ்நீரில் குறைந்திருந்ததை 2019-இல் ஒரு பல்கலைக்கழகம் பதிவு செய்தது.

எங்களிடம்தான் மாடு இருக்கிறதே?

நியாயமான கேள்வி. நார்வேயில் மனச்சோர்வு நோய் உள்ளவர்களைப் பால் பண்ணைகளுக்கு அனுப்பி, 12 வாரம், வாரம் இரண்டு முறை மாடுகளோடு வேலை செய்ய வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சும்மா நின்று வேடிக்கை பார்த்தவர்களைவிட, தீனி போடுவது, பால் கறப்பது என்று கொஞ்சம் கொஞ்சமாக வேலை பழகியவர்களிடம் நல்ல மாற்றம் தெரிந்தது. நெதர்லாந்தில் மனநலம் குன்றியவர்கள், முதியவர்கள் பகலில் வந்து வேலை செய்யும் பராமரிப்புப் பண்ணைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மாட்டைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கக் காசு வாங்கும் பண்ணைகளும் அங்கே உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. நார்வேயில் அந்த நோயாளி தடவிய மாடு அவருடையது இல்லை. அதன் மேல் அவருக்குக் கடன் இல்லை, பாலில் கொழுப்பு குறைந்தால் அவருக்கு விலை குறையாது, மடிநோய் வந்தால் ஊசிச் செலவு அவருக்கு இல்லை. நமக்கு மாடு பிரியமான உயிர்தான், கூடவே அது வங்கிக் கணக்கும்கூட. சினை பிடிக்கவில்லை என்றால் அந்த மாட்டைப் பார்க்கும்போதே வயிறு கலங்கும். ஆகவே என் கருத்து இதுதான்: வரவு செலவில் சேராத ஓர் உயிர் வீட்டில் இருக்க வேண்டும். அது செத்தால் வருத்தம் வரலாம், நஷ்டம் வரக் கூடாது.

இதைச் சொல்லும்போது ஈமு ஞாபகம் வராமல் போகாது. வித்தியாசமான பறவை, மாதாமாதம் பணம் என்று ஆசை காட்டியதில் கொங்கு மண்டலத்தில் எத்தனை குடும்பங்கள் 2012 வாக்கில் சேமிப்பை இழந்தன என்பது ஊருக்கே தெரியும். மன நிம்மதிக்காக வளர்ப்பதற்கு யாராவது திரும்ப வாங்கும் ஒப்பந்தம் நீட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கொசுத்தேனீ

எனக்குத் தெரிந்து கிராமத்து வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. கொசு அளவே இருக்கும், கொட்டாது. சிலர் கொசுவந்தேனீ என்பார்கள். பழைய மண்சுவர் விரிசல், மரப்பொந்து, கருங்கல் இடுக்கு, மீட்டர் பெட்டி என்று எங்கேயாவது பிசினால் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால், உள்ளே ஒரு கூட்டம் குடியிருக்கிறது என்று அர்த்தம். வாசலில் இரண்டு மூன்று காவல்காரத் தேனீக்கள் எட்டிப் பார்த்தபடி நிற்கும். காலையில் டீ டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்து, மகரந்தம் மஞ்சளாய்க் காலில் ஒட்டியிருக்க அவை வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது. குழந்தைகளும் பயமில்லாமல் பார்க்கலாம்.

மண்பானை, மூங்கில் குழாய், சின்ன மரப்பெட்டி எதிலும் வளரும். சுவரை இடிக்காமலே கூட்டத்தைக் கொண்டுவரக் கேரளத்தில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இரண்டு துளை உள்ள பானையை எடுத்து, ஒரு துளையைச் சுவரில் உள்ள வாசலோடு சின்ன ஹோஸ் குழாயால் இணைக்க வேண்டும். இணைப்பில் இடைவெளி இல்லாமல் மெழுகோ களிமண்ணோ பூச வேண்டும். தேனீக்கள் பானை வழியாகத்தான் வெளியே போய் வர முடியும். பழைய வாசல் பிசினை மறு துளையில் ஒட்டிவிட்டால் வழி தெரிந்துகொள்ளும். மாதக்கணக்கில் ஆகும். மெதுவாகப் பானைக்குள்ளேயும் தேன் குடம், புழு அறை கட்டத் தொடங்கும். பானையில் புழு அறையும் ராணியும் சேர்ந்த பிறகே இணைப்பைப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் இரண்டு பக்கமும் கெடும். நேரில் ஒருமுறை பார்த்துக் கற்பது நல்லது. மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் தேனீ வளர்ப்புப் பயிற்சி தருகிறார்கள்.

நேர் வெயிலும் மழைச்சாரலும் படாத திண்ணை ஓரமே போதும். எறும்பு, பல்லி, சிலந்திதான் எதிரி. கம்பிக்கட்டித் தொங்கவிட்டு, கம்பியில் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. இந்தத் தேனீ தூரம் போகாது, சில நூறு மீட்டர்தான். அதனால் வீட்டைச் சுற்றித் துளசி, முருங்கை, எலுமிச்சை, தும்பை என்று ஏதாவது பூத்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து வயலில் மருந்து அடிப்பதாக இருந்தால், தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பிறகு, பொழுது சாயும் நேரத்தில் அடிக்கச் சொல்லுங்கள். தேன் வருடத்துக்குச் சில நூறு கிராம்தான், கொஞ்சம் புளிப்பாக இருக்கும். கேரளத்தில் இதற்கு நல்ல விலை உண்டு. ஆனால் முதல் இரண்டு வருடம் தேனை மறந்துவிடுங்கள். மிளகாய், வெள்ளரி, பூசணியில் காய்ப்பு கூடினால் அது உபரி லாபம்.

தேனீ பிடிக்காதவர்களுக்கு மீன் தொட்டி. இங்கிலாந்தின் பிளைமவுத் நகர மீன் காட்சியகத்தில் செய்த ஆய்வில், தொட்டி முன் நின்று பார்த்தவர்களின் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கின. மீன் வகை கூடக் கூட அதிக நேரம் நின்று பார்த்தார்கள். நமக்குக் கண்ணாடித் தொட்டிகூட வேண்டாம். மாடு குடிக்கும் சிமென்ட் தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டி கட்டிக் கப்பி மீன் விட்டால் கொசுப்புழுவையும் தின்னும். ஓடையிலோ ஏரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள், அங்குள்ள நாட்டு மீனுக்கு அது போட்டி.

கினிக்கோழி கலகலப்பானது, பூச்சியும் உண்ணியும் பொறுக்கும், அந்நியர் வந்தால் ஊரைக் கூட்டும். ஏற்கெனவே தூக்கம் வராதவர் வீட்டுக்கு இது சரிப்படாது! புறா வளர்ப்பவர்கள் மூடிய அறைக்குள் வைக்கக் கூடாது. எச்சத் தூசி வருடக்கணக்கில் நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் கெடும்; மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்துக் கூட்ட வேண்டும். எந்த உயிரைத் தொட்டாலும் சோப்பு போட்டுக் கை கழுவுவது கட்டாயம், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கூடுதலாகவே.

இது மருந்துக்குப் பதில் இல்லை

தேனீயும் மீனும் அன்றாடக் கவலையை இறக்கிவைக்க உதவும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் ஆசையில்லை, குடி கூடிக்கொண்டே போகிறது, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறது என்றால் அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்புவார்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமில்லாமல், தமிழிலேயே, எந்த நேரமும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. வீட்டில் ஒருவர் அப்படி இருப்பதாகத் தெரிந்தால் பூச்சிமருந்து டப்பாக்களை அன்றைக்கே வீட்டை விட்டு அகற்றி, பூட்டி, சாவியை இன்னொருவர் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணம் பல நேரம் சில நிமிட வேகத்தில் வருவது. கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இல்லை என்பதே உயிரைக் காப்பாற்றிவிடும். கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். நேரடியாகக் கேட்பதால் யாரும் அந்த முடிவை நோக்கித் தள்ளப்படுவதில்லை.

எதை வளர்க்கக் கூடாது

வித்தியாசமானது என்றதும் பலர் பச்சைக்கிளியைத்தான் சொல்கிறார்கள். தென்னை மரப் பொந்தில் எடுத்த குஞ்சாக இருந்தாலும், சந்தையில் காசு கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அது குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளி, மலைமைனா, நட்சத்திர ஆமை, தேவாங்கு எதையும் வீட்டில் வைத்திருக்க முடியாது. சிறையும் அபராதமும் உண்டு. ஆமை வந்தால் வீட்டுக்கு ஆகாது என்று ஒரு பக்கம் சொல்வதும், நட்சத்திர ஆமை அதிர்ஷ்டம் என்று இன்னொரு பக்கம் ரகசியமாக விற்பதும் நடக்கிறது. இரண்டையும் நம்ப வேண்டாம். வயலில் மயில் முட்டையோ குஞ்சோ கண்டால் அடைகாக்க வீட்டுக்குக் கொண்டுவராமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பறவைதான் வேண்டும் என்றால் லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பட்ஜரிகர், காக்டெய்ல் இரண்டுக்கும் தடையில்லை. சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளி, சன் கனூர் போன்ற வெளிநாட்டுப் பறவைகளுக்கு 2024-இல் வந்த விதிப்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் அதில் தெரிவிக்க வேண்டும். விலையும் ஆயிரக்கணக்கில். இருக்கிற கவலைக்கு இன்னொரு ஃபைல் சேரும்.

கடைசியாக ஒன்றைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள்: நீங்கள் நான்கு நாள் வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள்? தேனீக்கு ஆள் வேண்டாம். தொட்டி மீன் ஓரிரு நாள் தீனியில்லாமல் தாங்கும். கூண்டுப் பறவைக்கும் முயலுக்கும் தினமும் ஒரு கை வேண்டும்.