தூதைத் தடுக்கும் மருந்து

கரடியனாற்றில் பெரும்போக அறுவடை முடிந்ததொரு மாலைப்பொழுது. நோய்ப்படுக்கையிலிருந்த என் தமக்கையார் என்னை அருகழைத்தார். "தம்பி, கட்டி ஈரலுக்கும் பரவிட்டாம். புது மருந்து ஒண்டு வந்திருக்காம். வயல ஈடு வெச்செண்டாலும் எடுப்பம் எண்டு மகன் நிக்கிறான். நீ என்ன சொல்றாய்?" என்றார்.

அவ்வயல் தாய்வழி வந்த முதுசொம். இலக்கணங் கற்பித்தே காலங்கழித்த எனக்கு உடன் விடைகூற இயலவில்லை. அறிந்தோரை வினவி உணர்ந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

நம் உடற்கலங்களின் கருவுக்குள்ளே பரம்பரையலகுகள் ஏட்டுச்சுவடிபோல் அமைந்துள்ளன. சுவடி வெளியே வருவதில்லை. வேண்டிய பகுதி மட்டும் படியெடுக்கப்பட்டு, ஆர்.என்.ஏ. என்னுந் தூதாக வெளிவரும். அத்தூதின்படியே புரதங்கள் ஆக்கப்படும். புற்றுநோய்க் கலமோ, 'பெருகுக, பரவுக' என்னும் ஏவலையே ஓயாது விடுக்கின்றது. 1998 ஆம் ஆண்டில் அன்ட்ரூ பயர், கிரெய்க் மெலோ என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், ஈரிழை ஆர்.என்.ஏ. தன்னை ஒத்த தூதினை அழித்துவிடுதலை ஒரு சிறு புழுவிற் கண்டு வெளியிட்டனர். 2006 இல் நோபல் பரிசும் பெற்றனர். சுவடியை எரிக்க வேண்டா. தூதைத் தடுத்தாற் போதும் என்பதே அவர்தம் கண்டுபிடிப்பின் சாரம்.

ஆயின், அவ்விழையை வெறுமனே குருதியிற் செலுத்தினால் விரைவிற் சிதைந்துவிடும். ஆதலின் மிக நுண்ணிய கொழுப்புத் திவலைகளுள் அதனைப் பொதிந்து அனுப்புகின்றனர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சங் கூறிட்டால் ஒரு கூறு நனோமீற்றர். இத்திவலைகள் நூறு நனோமீற்றர் அளவினவே. தமிழரான வேதியியலறிஞர் முத்தையா மனோகரன் பணியாற்றிய அல்னைலம் என்னும் அமெரிக்க நிறுவனம், இவ்வகை மருந்தொன்றை நோயாளர் 41 பேரிடம் சோதித்தது. கட்டிக்குக் குருதிக்குழாய் வளர்க்கும் ஏவல், கலத்தைப் பிளந்து பெருக்கும் ஏவல் ஆகிய இரண்டையும் அது தடுக்க முயன்றது. கருப்பைப் புற்றுநோய் ஈரலுக்குப் பரவிய ஒருவருக்கு ஈரற்கட்டிகள் முற்றாக மறைந்தன என 2013 இல் முடிவு வெளியாயிற்று.

இவ்வளவில் நின்றால் நான் பொய்யுரைத்தவனாவேன். மறைந்தது ஒருவருக்கே, அம்மருந்து விற்பனைக்கு வரவுமில்லை. 2018 இல் இவ்வகையில் முதன்முதல் அனுமதி பெற்ற பற்றிசிரான், நரம்புகளைத் தாக்கும் அரிய பரம்பரை நோயொன்றிற்கு உரியது. திவலைகள் பெரும்பாலும் ஈரலையே சென்றடைகின்றன. ஏனைய உறுப்புகளிற் பதுங்கிய கட்டிகளைத் தேடிப்பிடித்தல் இன்னும் அரிதாகவே உள்ளது.

இதனைத் தமக்கையாரிடம் மறையாது கூறினேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், "அப்ப வயல் கிடக்கட்டும் தம்பி. அந்த மருந்து நம்மட பேரப்பிள்ளைகள்ற காலத்திலயாவது வரட்டும்" என்றார். மறுநாட் காலை வழக்கம்போல் மட்டக்களப்பு வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம்.

கட்டியொன்றைக் கண்டவுடன் வைத்தியரை நாடுதலும், புதுமருந்தென்று பணம் பறிப்போரை நம்பாமையும் இன்று நம் கையில் உள்ளவை. அத்தூதைத் தடுக்கும் நாள் வரும்வரை இவற்றையேனும் தவறாது செய்வோமாக.