பாலிஷ் போடுவதற்கு முன்... உங்கள் காருக்கு எது தேவை, எது தேவையில்லை?

பகலில் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. இரவில் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி இறங்கும்போதுதான் கண்ணில் படும். மேலேயிருந்து வெள்ளை விளக்கு வெளிச்சம் பானெட்டில் விழ, அதைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். வாங்கி மூன்று வருடம்கூட ஆகாத கறுப்பு கார். 'யார் இப்படிக் கீறியது?' என்று மனசு பதறும்.

யாரும் வேண்டுமென்று கீறவில்லை. தினமும் காலையில் தூசு துடைத்த துணிதான் கீறியிருக்கிறது.

வொர்க்‌ஷாப்பில் கேட்டால், "ஒரு ரப்பிங் போட்டா புதுசு மாதிரி ஆயிடும் சார்" என்பார்கள். ஷோரூமில், "செராமிக் கோட்டிங் போட்டுடுங்க, அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்பார்கள். கடையில் வாக்ஸ் டப்பா. ஆன்லைனில் எண்ண முடியாத பாட்டில்கள். எல்லாவற்றையும் நாம் 'பாலிஷ்' என்ற ஒரே பெயரில்தான் அழைக்கிறோம். ஆனால், இவற்றில் ஒரு வகை பெயின்ட்டைத் தேய்த்து எடுப்பது. இன்னொரு வகை பெயின்ட்டின் மேல் ஒரு பூச்சைச் சேர்ப்பது. இரண்டும் நேர் எதிர் வேலைகள். இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால், பணமும் மிஞ்சும், பெயின்ட்டும் பிழைக்கும்.

ஒரு தாளின் தடிமன்தான்!

இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாகக் கண்ணாடிபோல நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான். ஜெராக்ஸ் தாள் ஒன்றின் தடிமன் சுமார் 100 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் கிளியர் கோட்டின் பங்கு பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான் அளவில்தான் இருக்கும். தலைமுடியைவிட மெல்லியது!

காரின் பளபளப்பு இந்த கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதுதான். கண்ணில் படும் சிலந்தி வலைக் கீறல்கள் பெரும்பாலும் இந்த அடுக்கின் மேல்பரப்பில்தான் விழுந்திருக்கும். 

ரப்பிங் காம்பவுண்டு என்ன செய்கிறது? மிக நுண்ணிய உப்புத்தாள் போல, கீறலைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டையும் சேர்த்துத் தேய்த்து, கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகிறது. பள்ளத்தை மூடுவதற்குப் பதிலாக மேட்டைக் குறைப்பது மாதிரி. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போய்விடும். போனது திரும்ப வராது. வருடா வருடம் 'ஆயுத பூஜைக்கு ஒரு ரப்பிங்' என்று போட்டுக்கொண்டே போனால், ஒருநாள் கூரையிலும் பானெட்டிலும் தோல் உரிந்ததுபோல வெள்ளைத் திட்டுகள் தெரியும். அதன் பிறகு எந்தப் பாலிஷும் உதவாது. ரீபெயின்ட்தான் வழி.

அம்பாஸடர், பத்மினி காலத்து வண்டிகள் பலவற்றில் கிளியர் கோட் கிடையாது. பாலிஷ் போட்டால் துணியில் வண்டியின் நிறம் ஒட்டும், அது சகஜம். அப்பாக்கள் அப்படித்தான் பழகினார்கள். இன்றைய காரில் துணியில் நிறம் ஒட்டினால் அது எச்சரிக்கை. கிளியர் கோட்டைத் தாண்டி நிறத்தையே தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட வேண்டும்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

கடையில் எதை எடுத்தாலும் லேபிளைப் படியுங்கள். ரப்பிங், கட்டிங், காம்பவுண்டு, ஸ்க்ராட்ச் ரிமூவர், ரெஸ்டோரர் என்ற சொற்கள் இருந்தால் அது தேய்த்து எடுக்கும் வகை. ஃபினிஷிங் பாலிஷ் என்பதும் இந்த வகைதான், ஆனால் மென்மையானது. வாக்ஸ், சீலன்ட், கோட்டிங் என்றிருந்தால் மேலே பூசும் வகை. கிளீனர் வாக்ஸ், ஆல் இன் ஒன் என்பவை லேசாகத் தேய்த்துப் பூச்சும் போடுபவை.

கிளேஸ் என்று ஒன்று உண்டு. இது கீறலுக்குள் எண்ணெய்ப் பசையை நிரப்பி மறைத்துவிடும். பார்க்க அருமையாக இருக்கும். சில வாட்டர் வாஷ் முடிந்ததும் கீறல்கள் திரும்ப எட்டிப் பார்க்கும். 'போன மாசம்தானே பாலிஷ் போட்டோம்' என்று பலர் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டூத்பேஸ்ட்டால் தேய்த்தால் கீறல் போய்விடும் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. டூத்பேஸ்ட்டிலும் தேய்க்கும் துகள்கள் உண்டு என்பதால் ஓரளவு வேலை செய்வதுபோலத் தெரியும். ஆனால், அது பல்லுக்காகச் செய்தது. துகளின் அளவு பெயின்ட்டுக்குப் பொருந்துமா என்று யாரும் பார்த்துத் தயாரிப்பதில்லை.

எந்தக் கீறலுக்கும் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக நகர்த்துங்கள். நகம் மாட்டவில்லையென்றால் பாலிஷில் குறையும். மாட்டினால் கீறல் ஆழமானது. அதைத் தேய்த்து எடுக்க முயன்றால் கிளியர் கோட்டே போய்விடும். டச்-அப் பெயின்ட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வாக்ஸ் முதல் பி.பி.எஃப் வரை

காக்கும் பூச்சுகளில் பழையது கார்னாபா வாக்ஸ். பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு. நல்ல மினுமினுப்பு தரும், வீட்டிலேயே போடலாம், செலவும் சில நூறு ரூபாய்தான். ஆனால் நம் ஊர் வெயிலிலும் மழையிலும் சில வாரங்கள், போனால் இரண்டு மூன்று மாதங்கள்தான் தாங்கும். சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர் பூச்சு. பல மாதங்கள் நிற்கும்.

'டெஃப்லான் கோட்டிங்' என்று விற்பவற்றிலும் உண்மையில் வேலை செய்வது இப்படிப்பட்ட பாலிமர் பூச்சுதான். நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் டெஃப்லான் ஒட்டி நிற்பதற்குக் காரணம், அதை மிக அதிகச் சூட்டில் சுட்டு எடுப்பது. அந்தப் பொருளின் உருகுநிலையே சுமார் 327 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டைக் கார் பெயின்ட் தாங்காது. ஆகவே பெயரைப் பார்த்து அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

செராமிக் கோட்டிங், சிலிக்கா சார்ந்த திரவம். பெயின்ட்டில் பிடித்து இறுகி, ஓரிரு மைக்ரான் அளவில் கெட்டியான படலமாகும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவுவது சுலபம். முறையாகப் போட்டுப் பராமரித்தால் வருடக்கணக்கில் நிற்கும். விளம்பரத்தில் வரும் '9ஹெச்' என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. 9ஹெச் பென்சில் கீறவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். லாரி டயர் தெறிக்கும் ஜல்லியையும், பைக்கின் ஹேண்டில் பார் உரசலையும் அது தடுக்காது. 

கல்லடியைத் தாங்கக்கூடியது பி.பி.எஃப் என்ற பாலியூரித்தேன் ஃபிலிம். பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் தடிமன். முழு காருக்கும் ஒட்டுவது பெரிய செலவு. நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் வண்டி என்றால் முன் பம்பர், பானெட், கண்ணாடிகளுக்கு மட்டும் ஒட்டினாலே பெரும்பகுதி பாதுகாப்பு கிடைத்துவிடும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். செராமிக் கோட்டிங்கும் ஃபிலிமும் போடும்போது அடியில் என்ன இருக்கிறதோ அதுவே அப்படியே பூட்டப்படும். கீறலோடு போட்டால் கீறல் அப்படியே இருக்கும். அதனால்தான் பழைய காருக்கு முதலில் பாலிஷ் தேவைப்படுகிறது. அப்போது கடைக்காரரிடம், "பெயின்ட் தடிமனை அளந்து பார்த்துட்டு ஆரம்பிங்க" என்று சொல்லுங்கள். அதற்கான சின்ன மீட்டர் நல்ல டீட்டெய்லிங் கடைகளில் இருக்கும். தடிமன் குறைந்த இடத்தில் தேய்க்க மாட்டோம் என்று சொல்பவரே நல்ல தொழில்காரர். வாரன்டி அட்டையையும் அங்கேயே படித்துவிடுங்கள். வருடாந்திர சர்வீஸுக்கு வரவில்லையென்றால் செல்லாது என்ற நிபந்தனை பல இடங்களில் இருக்கும்.

எச்சமும் உப்புத் தண்ணீரும்

வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டிக்குப் பறவை எச்சம்தான் பெரிய எதிரி. வெயிலில் காய்ந்தால் பெயின்ட்டில் தடம் பதித்துவிடும். செராமிக் போட்டிருந்தாலும் சில மணி நேரத்துக்குமேல் விட்டுவைக்கக் கூடாது. நகத்தால் சுரண்ட வேண்டாம். ஈரத் துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, ஒற்றி எடுங்கள். பூஜையன்று வைக்கும் சந்தனம், குங்குமத்துக்கும் இதே வழிதான்.

போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால், பாத்திரத்தில் படியும் உப்புபோல வெள்ளைப் புள்ளிகள் விழும். தண்ணீர் முத்தாக நிற்கும் செராமிக் காரில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். நிழலில் கழுவி உடனே துடைப்பதுதான் தீர்வு. புதிதாகப் படிந்த புள்ளிகளுக்கு, வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலசலாம்.

சரி, எதை வாங்கலாம்?

*புது கார்:* ரப்பிங் வேண்டவே வேண்டாம். நல்ல கார் ஷாம்பூ, மைக்ரோஃபைபர் துணிகள், வாக்ஸ் அல்லது சீலன்ட் போதும். வசதியிருந்தால், நீண்ட நாள் வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால், செராமிக்.

*மூன்று, நான்கு வயது கார்:* கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு கழுவிய பானெட்டைத் தடவுங்கள். சொரசொரப்பு இருந்தால் கிளே பார் வாங்கி, ஷாம்பூ தண்ணீர் விட்டு வழுக்கவிட்டு எடுங்கள். பிறகு மென்மையான ஃபினிஷிங் பாலிஷ், அதன் மேல் சீலன்ட்.

*பழைய கார்:* முதலில் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பாருங்கள். மிகமிக மென்மையானதில் தொடங்குங்கள். எல்லாக் கீறலும் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

*மேட் ஃபினிஷ் கார்:* பாலிஷ், வாக்ஸ் இரண்டுமே கூடாது. திட்டுத் திட்டாக மினுங்கிவிடும். மேட் பெயின்ட்டுக்கென்றே உள்ளவற்றை மட்டும் வாங்குங்கள்.

*ரீபெயின்ட் செய்த பாகம்:* வாக்ஸ், கோட்டிங் போடச் சில வாரங்கள் பொறுங்கள். எத்தனை நாள் என்பதைப் பெயின்ட்டரிடமே கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு துணி

எவ்வளவு செலவழித்தாலும், தூசு படிந்த காரைக் காய்ந்த துணியால் துடைத்தால் மறுபடி சிலந்தி வலைதான். அபார்ட்மென்ட்டில் காலையில் வண்டி துடைக்க வருபவர், ஒரே பக்கெட் தண்ணீரில், ஒரே பனியன் வேஸ்ட்டில் பத்து கார்களைத் துடைக்க வேண்டியிருக்கிறது. அவரைக் கோபித்துப் பயனில்லை. உங்கள் காருக்கென்று நான்கு மைக்ரோஃபைபர் துணியும் ஒரு பக்கெட்டும் வாங்கிக் கொடுங்கள். "தினமும் துடைக்க வேண்டாம்ண்ணே. வாரத்துல ரெண்டு நாள் தண்ணி ஊத்தி, தூசு போனப்புறம் துடைங்க. அதே சம்பளம்தான்" என்று சொல்லுங்கள். அவருக்கும் வேலை குறையும்.

அந்தத் துணிகளின் விலை, ஒரு ரப்பிங்குக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான். அடுத்த ரப்பிங்கே தேவைப்படாமல் செய்வதும் அவைதான்.