பாய்க்குப் பேரம் பேசலாமா?

கல்யாண சீசன் வந்தாலே எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பத்தமடைப் பாய்க்குத் தனி மவுசுதான். பெண், மாப்பிள்ளை பேரைப் போட்டு நெய்யச் சொல்லி வாங்குவோம். ஆனால் விலையைக் கேட்டதும், "ஒரு பாய்க்கா இவ்வளவு?" என்று பலரும் வாயைப் பிளக்கிறார்கள்.

அந்தப் பாய்க்குப் பின்னால் உள்ள பாடு தெரிந்தால் அப்படிக் கேட்க மனசு வராது. கோரையை அறுத்து, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கிழித்து, சாயம் ஏற்றி, தறியில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்யணும். கோரை எவ்வளவு மெல்லிசோ, பாய் அவ்வளவு உசத்தி. நயமான பாய் துணி மாதிரி மடியும். அதை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். சமையல், பிள்ளைகளைக் கவனிப்பது எல்லாம் முடித்துவிட்டுத்தான் தறியில் உட்காருகிறார்கள்.

கோரை வாங்கக் கையில் காசில்லாதபோது கடன் வாங்கினால், கடன் கொடுத்தவர் சொன்னதுதான் விலை. இந்தக் கஷ்டம் நம் ஊரில் மட்டுமல்ல, கைவேலை செய்யும் ஏழை நாட்டுப் பெண்கள் எல்லோருக்கும் உண்டு. 1946-ல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி, போர்ட்டோ ரிக்கோ பெண்களின் பூவேலைத் துணிகளை வாங்கிவந்து தெரிந்தவர்களிடம் விற்றுக் கொடுத்தார். அதுதான் பின்னால் 'டென் தவுசண்ட் வில்லேஜஸ்' என்ற கடைகளாக வளர்ந்தது. இந்த மாதிரி விற்பனைக்கு 'நியாய வணிகம்' என்று பெயர். உலக நியாய வணிக அமைப்பு இதற்கு 10 விதிகள் வைத்திருக்கிறது. உழைப்புக்கேற்ற விலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக்கூலி, குழந்தைத் தொழிலாளர் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது, கைவினைப் பொருள் செய்கிறவர் கேட்டால் வட்டியில்லாமல் பாதிப் பணமாவது முன்கூட்டியே தரவேண்டும் என்பதுதான்.

போன வருஷம் என் நாத்தனார் பெண் கல்யாணத்துக்கு 2 மாசம் முன்னாடியே பாதிப் பணம் கொடுத்துப் பாய் சொல்லி வைத்தோம். நெய்த பெண், "அக்கா, கோரை வாங்க இந்தத் தடவை யார்கிட்டயும் கை நீட்டலை" என்றாள். நமக்கு எப்படியும் கொடுக்கவேண்டிய பணம்தான். அவளுக்கோ கடன் மிச்சம்.

தோழிகளே, இதற்கு நாம் கடை வைக்கவேண்டியதில்லை. முடிந்தவரை நெய்கிறவரிடமோ, கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குவோம். முன்பணம் கொடுப்போம். கடையில் வாங்கினால், "செய்தவருக்கு இதில் எவ்வளவு போகுது?" என்று ஒரு வார்த்தை கேட்போம். பிளாஸ்டிக் பாய் விலைக்குக் கோரைப் பாயைக் கேட்டால், அந்தப் பெண்ணின் மகள் நாளைக்குத் தறியில் உட்காருவாளா?

- ஒரு இல்லத்தரசி, பாளையங்கோட்டை