சிவகாசித் தாட்சீட்டுகளில் தடித்த தலைப்பெழுத்து: சுழியும் தடிப்பும்

தமிழ் எழுத்து வரலாற்றை ஆராய்வோர் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, தொடக்ககால அச்சுநூல் ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். இருபதாம் நூற்றாண்டில் மக்கள் கண்ணில் நாள்தோறும் பட்ட எழுத்தோ தீப்பெட்டியிலும் பட்டாசுப் பெட்டியிலும் நாட்காட்டியிலும் இருந்தது. விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் சென்ற இத்தாட்சீட்டுகளின் தடித்த தலைப்பெழுத்து எவ்வாறு அமைந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உறவினர்களான பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டிக்குத் தாட்சீட்டு வேண்டும். தாட்சீட்டுக்கு அச்சகம் வேண்டும். இவ்வாறு ஒன்றன் தேவையிலிருந்து மற்றொன்றாகத் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்களும் அவ்வூரில் வேரூன்றின. அணில், காகம், சேவல், மயில் எனப் பறவை விலங்குப் பெயர்கள் வணிகக் குறிகளாயின. எழுத்தறியாதவரும் படத்தைக் கொண்டு பொருளைக் கேட்டு வாங்கினர். எனினும் படம் மட்டும் போதாமல் பெயரும் பெரிதாக, தடிப்பாக எழுதப்பட்டது.

மேலைநாட்டில் இத்தகைய எழுத்துக்குத் தனி மரபு உண்டு. இலண்டனில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பரிசுச்சீட்டு விளம்பரங்களுக்கும் சுவரொட்டிகளுக்குமாகக் கோட்டுமுனையில் சிறு குறுக்குக்கோடு கொண்ட 'செரிஃப்' எழுத்துகள் மிகப் பருமனாக வார்க்கப்பட்டன. 1922-இல் அமெரிக்காவில் வெளியான 'கூப்பர் பிளாக்', முனைகள் மழுங்கி உருண்ட வடிவில் அம்மரபை நீட்டித்தது. சிவகாசி எழுத்தை இவற்றின் தமிழ்ப் படி என்று கருதத் தோன்றும். தாட்சீட்டுகளில் ஆங்கிலப் பெயரும் தமிழ்ப் பெயரும் அருகருகே நிற்பதால் ஒன்றன் சாயல் மற்றொன்றில் படிவது இயல்பே. ஆனால் இக்கருத்து பாதியளவே பொருந்தும்.

முதலாவதாக, தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற பாகுபாடு இல்லை. ஆங்கிலத்தில் பெயரை முழுவதும் பேரெழுத்தில் எழுதியே அழுத்தம் தரலாம். தமிழில் அந்த வேலையையும் பருமனும் தடிப்புமே செய்ய வேண்டும். ஆகவே தடிப்பு இங்கு அணி அன்று, தேவை.

இதனினும் முதன்மையானது சுழி. 'பட்டாசு' என்னும் சொல்லில் ப, ட ஆகியவை நேர்கோடுகளால் அமைந்து மேற்புறம் திறந்தவை. எவ்வளவு தடித்தாலும் உருக் கெடுவதில்லை. அவற்றின் கோட்டுமுனையில் செரிஃப் போன்ற ஆப்பு வடிவத்தையும் சேர்க்கலாம். 'அணில்' என்னும் சொல்லோ அவ்வாறன்று. அகரம் சுழியில் தொடங்குகிறது. ணிகரத்தில் மூன்று சுழிகள். சுழியில் தொடங்கும் கோட்டுக்குக் குறுக்குக்கோடு பொருத்த முனையே இல்லை. தடிப்பு மிகும்போது சுழியின் உள்வெளி அடைபடும். ஆங்கில எழுத்தின் உள்வெளி அடைபட்டால் பெரும்பாலும் அழகு குறையும். தமிழில் எழுத்தே மாறிவிடக்கூடும். 'இரண்டு சுழி ன', 'மூன்று சுழி ண' என்று பள்ளியில் எண்ணிக் கற்பிக்கப்படும் வேறுபாடு இதுதான். பனியும் பணியும் ஒரு சுழியால் வேறாகின்றன. ஏறத்தாழ 5 செ.மீ. நீளமுள்ள தீப்பெட்டித் தாட்சீட்டில் இவ்விடர் இன்னும் கூடும்.

கல்லச்சு முறை இதற்கு வழிதந்தது. வார்ப்பெழுத்தைப்போல ஒவ்வோர் எழுத்தும் ஒரே உருவில் நிற்க வேண்டியதில்லை. படமும் எழுத்தும் ஒரே கையால் ஒரே தளத்தில் வரையப்பட்டன. வரைபவர் சுழியின் மேற்கோட்டை மெலிதாக்கலாம், எழுத்தை அகலப்படுத்தலாம், புள்ளியை வளையமாக விடாமல் நிரப்பலாம். ஒரே சொல்லில் இருமுறை வரும் எழுத்தையும் இடத்துக்கேற்ப இருவிதமாக எழுதலாம். இந்நெகிழ்ச்சியே இவ்வெழுத்தின் வடிவமைப்பு விதி எனலாம். கணினி அச்சுக்கோப்பில் ஒரு விசையைத் தட்டிச் செயற்கையாகத் தடிப்பாக்கும்போது கோடு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பருத்துச் சுழியை விழுங்கிவிடுவதைக் காண்போர்க்கு அவ்விதியின் அருமை புலப்படும். 'நோட்டோ செரிஃப் தமிழ்' போன்ற அண்மைக்கால எழுத்துருக்களில் மெலிவு முதல் மிகுதடிப்பு வரை ஒன்பது நிலைகள் உள்ளன. அங்கும் சுழியின் உள்வெளியைக் காப்பதே வடிவமைப்பாளரின் பெரும்பணியாகிறது.

தாட்சீட்டுகள் எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் சான்றாகின்றன. தமிழ்நாட்டரசின் 1978-ஆம் ஆண்டு ஆணை ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளுக்கு இன்றைய வடிவத்தை நிலைப்படுத்தியது. 'யானை', 'தொழிற்சாலை', 'விலை' முதலிய சொற்களில் முன்பு துதிக்கை போல வளைந்த ஐகாரக் குறி, பருத்த தலைப்பெழுத்தில் மேல்வெளியை நிறைக்கும் கோலமாகவும் பயன்படத்தக்கது. சீர்திருத்தம் எளிமையைத் தந்தது உண்மையே. தலைப்பெழுத்து வரைபவர் ஒரு வளைவை இழந்ததும் உண்மையே.

ஆயின் பழைய வடிவத்தைக் கண்டவுடன் தாட்சீட்டு 1978-க்கு முற்பட்டது எனத் துணிதல் பிழைக்கு இடந்தரும். வணிகக்குறியின் மதிப்பு மாறாத தோற்றத்தில் உள்ளது. ஆதலால் பழைய மூலப்படம் பின்னும் பல்லாண்டு அச்சேறக்கூடும். பெயரெழுத்து பழைய வடிவிலும், அதன் கீழுள்ள முகவரியும் விலையும் புதிய வடிவிலும் இருப்பின், காலக்கணிப்புக்குக் கொள்ளத்தக்கது சிற்றெழுத்தே.