புகைபோக்கிக்கும் ஒரு கணக்காய்வு



சென்ற மாத நிகழ்ச்சியில் கிங்ஸ்பரியிலிருந்து ஒரு அம்மா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, நாங்கள் தொட்டியில போடுற குப்பை எங்க போகுது? எரிக்கிறதெண்டால் அந்தப் புகையை ஆர் பாக்கிறது?" நேரம் போதாமல் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். பிரென்ட் உட்பட ஆறு கவுன்சில்களின் குப்பைக்கு மேற்கு லண்டன் கழிவு அதிகாரசபை பொறுப்பு. மீள்சுழற்சிக்குப் பிரித்தது போக மிஞ்சுவதில் பெரும்பகுதி ரயிலேறி, பிரிஸ்டலுக்கு அருகிலுள்ள செவர்ன்சைட் எரிஆலைக்குப் போகிறது. வருடத்துக்குச் சுமார் 4 இலட்சம் தொன் குப்பையை எரித்து, அந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்கும் ஆலை அது. வடக்கு லண்டனின் ஏழு கவுன்சில்களின் குப்பையோ எட்மண்டனில் எரிகிறது. ஆகவே எங்கள் குப்பையின் புகை எங்கள் யன்னலுக்கு வருவதில்லை. வேறொருவர் வீட்டுப் பக்கம் போகிறது. அதனாலேயே அதைப் பற்றிக் கேட்கும் கடமை எங்களுக்கு உண்டு.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தில் இந்த ஆலைகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் கண்காணிப்பதும் அரசின் சுற்றாடல் முகவரகம். ஆனால் புகையை அளப்பது ஆலையை நடத்தும் கம்பனியின் பொறுப்பு. கடைக்காரர் தன் கணக்கைத் தானே எழுதுகிறார்; முகவரகம் கணக்காய்வாளர் மாதிரி வந்து பார்க்கிறது. இதில் மட்டும் குறை சொல்ல முடியாது. எல்லாக் கம்பனிக் கணக்கும் அப்படித்தான். ஆனால் எங்கள் தொழிலில் உடனே ஒரு கேள்வி எழும்: எது முழுமையாகப் பதியப்படுகிறது, எது மாதிரிக்கு மட்டும் பார்க்கப்படுகிறது?

தூசு, நைதரசன் ஒட்சைட்டுகள், கந்தகவீரொட்சைட்டு, காபனோரொட்சைட்டு போன்றவற்றைப் புகைபோக்கியில் பூட்டிய கருவிகள் இடைவிடாமல் அளக்கின்றன. டயொக்சின் என்ற நச்சுப்பொருள் அப்படியல்ல. குறைந்த சூட்டில் எரித்தால் அது கூடும். அதனால் புகை 850 பாகை செல்சியசில் குறைந்தது 2 செக்கன் நிற்க வேண்டும் என்பது விதி. 2000ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சட்டம் அதற்கு வைத்த எல்லை, ஒரு கனமீற்றர் புகையில் 0.1 நனோகிராம். ஒரு நனோகிராம் என்பது கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. 2019இல் வந்த விதிகள் இதை இன்னும் இறுக்கின. ஆனால் வழமையான முறையில் அதன் மாதிரி எடுப்பது வருடத்துக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் 6 முதல் 8 மணித்தியாலம். ஆலை வருடத்தில் 8,000 மணித்தியாலம் ஓடினால், நாம் பார்த்தது அதிகபட்சம் 16. அதோடு சுத்திகரிப்புக் கருவி பழுதானால், ஒரே தடவையில் 4 மணித்தியாலம், வருடத்தில் 60 மணித்தியாலம் வரை சட்டமே விட்டுக்கொடுக்கிறது.

புகையை மட்டும் பார்த்தாலும் போதாது. நியூகாசிலில் பைக்கர் எரிஆலையின் சாம்பல் சுமார் 2,000 தொன், 1990களில் தோட்டத் துண்டுகளின் நடைபாதைகளில் கொட்டப்பட்டது. அதில் டயொக்சின் இருப்பது 2000இல் தெரிந்தது. அங்கே வளர்த்த கோழி முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. 2002இல் கவுன்சிலுக்கும் ஆலைக் கம்பனிக்கும் நீதிமன்றம் அபராதம் விதித்தது. புகைபோக்கியின் பேரேட்டை மட்டும் புரட்டியவருக்கு இந்தச் சாம்பல் அகப்பட்டிராது.

பயமுறுத்த இதை எழுதவில்லை. நன்றாக நடத்தப்படும் நவீன ஆலைகளால் பெரிய ஆபத்தில்லை என்பதே அரசின் சுகாதாரத் துறையின் நிலைப்பாடு. இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 22 ஆலைகளை ஆராய்ந்து, அவற்றின் புகைக்கும் சிசு மரணத்துக்கும் தொடர்பு காணவில்லை. ஆனால் 2019இல் வெளியான அவர்களின் அடுத்த ஆய்வு, ஆலைக்குக் கிட்ட வசிப்போரின் குழந்தைகளிடையே சில பிறவிக் குறைபாடுகள் சிறிதளவு கூடியிருப்பதைக் கண்டது. காரணம் ஆலைதானா என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கணக்காய்வில் இப்படியொரு பதிவு வந்தால் கோப்பை மூடமாட்டோம், மாதிரியைக் கூட்டுவோம்.

நாங்கள் செய்யக்கூடியது என்ன? அனுமதிப்பத்திரமும் ஆலையின் வருடாந்த அறிக்கையும் பொது ஆவணங்கள். யாரும் கேட்டு வாங்கலாம். வாங்கினால் மூன்றைப் பாருங்கள்: டயொக்சின் எத்தனை தரம் அளந்தார்கள், எல்லை எத்தனை தரம் மீறியது, சாம்பல் எங்கே போனது. விளங்காவிட்டால் நிலையத்துக்கு எடுத்து வாருங்கள், இருந்து பார்ப்போம். அதுவரை சாப்பாட்டுக் கழிவையும் பிளாஸ்டிக்கையும் பிரித்துப் போடுங்கள். எரிக்காத குப்பைக்குப் புகையும் இல்லை, கணக்காய்வும் தேவையில்லை.