முப்பது கிலோமீட்டருக்கு எதற்கு டீசல்?

மின்சார லோரி என்று பேச்செடுத்தாலே முதலில் வந்து விழும் கேள்வி, “ஒரே சார்ஜில் கே.எல். போய்ச் சேருமா?” என்பதுதான். சிம்பாங் அம்பாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பது கொஞ்சம் வேடிக்கை. இந்த வட்டாரத்தில் ஓடும் பிரைம் மூவர்களில் பல, நாள் முழுக்க ஓடினாலும் பினாங்கு மாநிலத்தைத் தாண்டுவதில்லை. பத்து காவான் தொழிற்பேட்டையில் கண்டெய்னரை மாட்டிக்கொண்டு கிளம்பினால் பட்டர்வொர்த் கொள்கலன் முனையம் சுமார் 30 கிலோமீட்டர். இரண்டாம் பாலத்தில் ஏறி பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குப் போனாலும் ஏறத்தாழ அதே தூரம்தான். போய்வர அறுபது, நாளைக்கு மூன்று நடை என்றால் 180 கிலோமீட்டர். வோல்வோவின் கனரக மின் லோரி ஒரு சார்ஜில் 300 கிலோமீட்டர் வரை ஓடும் என்கிறது அந்த நிறுவனம். மெர்சிடிஸின் ‘இ-ஆக்ட்ரோஸ் 600’ 500 கிலோமீட்டர் என்கிறது. விளம்பரக் கணக்கில் கால்வாசியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த ஊர் வேலைக்கு அது போதும்.

2014 மார்ச் 1ஆம் தேதி 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் திறக்கப்பட்ட பிறகு தோட்டக்காடாக இருந்த பத்து காவானின் முகமே மாறிவிட்டது. ஐக்கியா 2019இல் கடை திறந்தது. லாம் ரிசர்ச், மைக்ரான், போஷ் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. ஒரு காலத்தில் நம் ஆட்கள் கரும்பும் ரப்பரும் செம்பனையும் சுமந்த மண்ணில் இப்போது சில்லுகளும் கருவிகளும் சுமையாகின்றன. மின் லோரிக்கு இது முக்கியமான விஷயம். பெரிய மின் லோரியின் பேட்டரி மட்டுமே மூன்று டன்னுக்கு மேல் எடை பிடிக்கும். சிமெண்டும் செம்பனை எண்ணெயும் ஏற்றுகிறவருக்கு அந்த மூன்று டன் நேரடி நஷ்டம். ஐரோப்பிய ஒன்றியம் இதற்காகவே புகையில்லா லோரிகளுக்கு இரண்டு டன் கூடுதல் எடையை அனுமதிக்கிறது. ஆனால் மின்னணுச் சரக்கில் பெட்டி நிறைந்துவிடும், எடை வரம்பைத் தொடாது. பேட்டரியின் பாரம் இங்கே யார் பையையும் கடிக்காது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஜூருவில் நெரிசல், துறைமுக வாசலில் வரிசை, தொழிற்சாலையில் ‘பே’ காலியாகும்வரை காத்திருப்பு என்று குறுந்தூர லோரியின் நாளில் பாதி இப்படியே போகிறது. அவ்வளவு நேரமும் ஏர்கோனுக்காக இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும். மின் லோரி நிற்கும்போது மோட்டார் சும்மா கிடக்கும், ஏர்கோன் மட்டும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பிவிடும். நின்று நின்று போகும் ஓட்டத்தில் டீசல் தோற்பதும் மின்சாரம் ஜெயிப்பதும் இதனால்தான்.

புக்கிட் தம்புன் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில், தே தாரிக்கைப் பாதியில் வைத்துவிட்டு ஒரு டிரெய்லர் ஓட்டுநர் என்னிடம் வேறு கணக்குச் சொன்னார். இருபது வருடமாக ‘ஹெட்’ ஓட்டுகிறவர். மின் லோரி பற்றி அவருக்கு வெறுப்பு எதுவும் இல்லை. “மெனோரா இறக்கத்துல பிரேக் சூடேறி வாடை அடிக்கும் பாருங்க அண்ணே, அப்ப வயித்துல புளி கரைக்கும். மோட்டாரே இழுத்துப் பிடிக்கும்னா அது நல்லதுதான்” என்றார். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் உள்ள அந்த இறக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புரியும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “எனக்குச் சம்பளம் டிரிப் கணக்கு. சார்ஜ் ஏறுற ரெண்டு மணி நேரத்துக்கு யாரு காசு கொடுப்பா?”

மின் லோரி பற்றிய அறிக்கைகளில் பேட்டரி, மோட்டார், கரிமம் எல்லாம் வரும். இந்தக் கேள்வி மட்டும் வராது. நடைக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்வரை, லோரி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ஓட்டுநரின் சொந்த நஷ்டம். ஆகவே பகலில் எங்கோ ஒரு நிலையத்தில் போய் வரிசை பிடிப்பது நடக்காத காரியம். இரவில் யார்டில் நிறுத்தி ஏற்ற வேண்டும், அல்லது கண்டெய்னர் இறங்கும் ‘பே’யிலேயே கம்பியை மாட்ட வேண்டும்.

இரவில் ஏற்றுவது பயமுறுத்துகிற அளவுக்குப் பெரிய வேலை அல்ல. 300 யூனிட் பேட்டரியை எட்டு மணி நேரத்தில் நிரப்ப 40 கிலோவாட் போதும். பத்து லோரி இருந்தாலும் 400 கிலோவாட். தெனாகாவிடம் கூடுதல் இணைப்பு வாங்க வேண்டியிருக்கும், செலவும் உண்டு, ஆனால் ஒரு நடுத்தரத் தொழிற்சாலை இழுக்கும் மின்சாரம்தான் அது. 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில் உச்ச நேரம் வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை. லோரிகள் யார்டுக்குத் திரும்பிப் படுக்கும் நேரத்தில் மின்சாரம் மலிவு.

அப்படியானால் ஏன் தவுக்கேமார் வாங்கவில்லை?

பதில் அவர்கள் சட்டைப் பையில் இருக்கும் டீசல் அட்டையில் இருக்கிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குத் தாவியது. அன்று கார்க்காரர்கள் புலம்பினார்கள். ஆனால் தகுதியுள்ள சரக்கு வாகனங்களுக்கு எஸ்.கே.டி.எஸ். 2.0 திட்டத்தின் அட்டை மூலம் பழைய 2.15 விலையே தொடர்ந்தது. சாமான் விலை ஏறிவிடக் கூடாது என்பதுதான் காரணம். நியாயமான காரணமும்கூட. அதன் விளைவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சுமையுடன் ஓடும் பிரைம் மூவர் 100 கிலோமீட்டருக்கு 38 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டை விலையில் 82 வெள்ளி. 3.35 விலையில் 127 வெள்ளி. மின் லோரிக்கு அதே தூரத்துக்குச் சுமார் 130 யூனிட், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் 143. யார்டில் யூனிட்டுக்கு 45 சென் என்றால் 64 வெள்ளி. ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓடினால், மானியமில்லாத டீசலுக்கு எதிராக மின் லோரி மிச்சப்படுத்துவது 37,800 வெள்ளி. மானிய டீசலுக்கு எதிராக வெறும் 10,800. மின் லோரியின் விலையோ டீசல் லோரியைப் போல இரண்டு மூன்று மடங்கு. பத்தாயிரத்துச் சொச்சம் மிச்சத்துக்காக லட்சக்கணக்கில் கூடுதல் கடன் வாங்க எந்த முதலாளிக்கு மனம் வரும்? பொது நிலையத்தில் யூனிட்டுக்கு 1.20 வெள்ளி கொடுத்து ஏற்றினால் நூறு கிலோமீட்டருக்கு 150 வெள்ளியைத் தாண்டிவிடும். அப்போது மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தக் கணக்கில் விலைகள் ஏறி இறங்கலாம். 2024க்குப் பிறகு டீசல் சந்தை விலையும் வாரத்துக்கு வாரம் மாறியபடிதான் வந்தது. ஆனால் ஒன்று தெளிவு. மேலே கண்ட இரு மிச்சத் தொகைக்கும் உள்ள வித்தியாசமான 27,000 வெள்ளிதான், 2024 விலையில், ஒரு லோரிக்கு ஓராண்டில் போகும் மானியம். அட்டையைத் திருப்பிக் கொடுத்து மின் லோரிக்கு மாறுகிறவருக்கு அதே பணத்தை ஐந்தாறு வருடம் தவணைக்கு உதவியாகக் கொடுத்தால் கஜானாவுக்குப் புதுச் செலவு ஒன்றுமில்லை. புதிதாக ஒரு மானியத்தைக் கண்டுபிடிப்பதைவிட, இருக்கிற மானியத்தின் முகத்தைத் திருப்பிவைப்பது எளிது என்பது என் எண்ணம்.

சூழல் பற்றிப் பேசாமல் மின் லோரியைப் பற்றி எழுதினால் வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள். பேசினாலும் வருவார்கள், ஏனென்றால் கணக்கு அவ்வளவு இனிப்பாக இல்லை. தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் பிறப்பது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் முக்கால் கிலோ கரியமில வாயு. 143 யூனிட்டுக்கு 107 கிலோ. 38 லிட்டர் டீசல் எரிந்தால் வெளிவருவது 102 கிலோ. கிணற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிப்பதையும் சேர்த்தால் டீசல் கணக்கு இன்னும் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ஆக, சாதாரண மின்சாரத்தில் ஓடும் மின் லோரி இன்றைய நிலையில் பூமியின் சூட்டைப் பெரிதாகக் குறைத்துவிடாது. கூரையில் சோலார் போட்டோ, தெனாகாவின் பசுமைக் கட்டணத்தில் வாங்கியோ ஏற்றினால்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம். பத்து காவான் தொழிற்சாலைகளின் பரந்த கூரைகளைப் பாலத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது கஷ்டமான யோசனையாகத் தெரியாது.

ஆனால் புகைக்கும் சத்தத்துக்கும் இந்தத் தயக்கம் தேவையில்லை. சாலையோரத் தாமானில் குடியிருப்பவரின் ஜன்னலில் படியும் கரி, மின் நிலையக் கணக்கில் வருவதில்லை. மின் லோரியில் அந்தக் கரி இன்றைக்கே நிற்கும்.

பலர் “அப்படியானால் ஹைபிரிட்?” என்கிறார்கள். காரில் நன்றாக வேலை செய்வதால் வரும் ஆசை. ஜப்பானின் ஹினோ 1991லேயே ஹைபிரிட் பேருந்தை ஓடவிட்டது, 2019இல் தன் பெரிய ‘புரோஃபியா’ லோரியிலும் அதைப் பொருத்தியது. சிக்கல் என்னவென்றால் ஹைபிரிட்டின் லாபம் பிரேக்கில் இருக்கிறது. பிளஸ் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஐந்து மணி நேரம் போகிற லோரிக்குத் திரும்பப் பிடிக்க அதிகம் இல்லை. இரண்டு இயந்திரங்களின் எடையையும் செலவையும் சுமப்பதுதான் மிச்சம். நின்று நின்று போகும் ஊர் ஓட்டத்தில் லாபம் உண்டு, ஆனால் அங்கே முழு மின் லோரியே பொருந்துகிறது. மின்சாரத்தில் ஓடிக்கொண்டு, அவசரத்துக்கு மட்டும் சிறிய இன்ஜினை ஜெனரேட்டராக வைத்திருக்கும் லோரியை ஸ்கானியா 2025இல் ஜெர்மனியில் டி.எச்.எல்.லுடன் சேர்ந்து சோதிக்கத் தொடங்கியது. இங்கிருந்து கிள்ளான் துறைமுகம்வரை சுமார் 350 கிலோமீட்டர். அந்த ஓட்டத்துக்கு நான் பந்தயம் கட்டினால் இந்த வகையின் மேல்தான் கட்டுவேன்.

இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்ற, மோட்டார் சக்கரத்தைச் சுற்றுவது ஒன்றும் புதிதல்ல. நம் கே.டி.எம். டீசல் ரயில் இன்ஜின்கள் இத்தனை காலமும் அப்படித்தான் ஓடுகின்றன. சிம்பாங் அம்பாட் ரயில் நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்றால் ஒரு வினோதம் கண்ணில் படலாம். மேலே 25,000 வோல்ட் மின்கம்பி போகிறது, கீழே சரக்கு ரயிலை டீசல் இன்ஜின் இழுத்துக்கொண்டு போகிறது. கம்பி கட்டிப் பத்து வருடத்துக்கு மேலாகியும் சரக்கை இழுப்பது பெரும்பாலும் டீசல்தான். லோரிக்காரர்களை மட்டும் அவசரப்படுத்துவது எந்த ஊர் நியாயம்?

வெளியே உலகம் சும்மா இல்லை. 2024இல் உலகம் முழுக்க 90,000க்கு மேற்பட்ட மின் லோரிகள் விற்றன, அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவில். அங்கே துறைமுகத்துக்கும் சுரங்கத்துக்கும் உருக்காலைக்கும் இடையில் ஒரே பாதையில் போய்வரும் லோரிகள்தான் முதலில் மாறின. வாய்ச்சொல் வீரர்கள் மேற்கில் இருந்தார்கள். டெஸ்லா 2017இல் அறிமுகப்படுத்திய ‘செமி’ லோரி முதல் வாடிக்கையாளர் கையில் சேர 2022 டிசம்பர் ஆயிற்று. நிகோலா என்ற மின் லோரி நிறுவனம் 2025 பிப்ரவரியில் திவாலானது. தமிழர்கள் பெருமைப்பட ஒரு செய்தியும் இருக்கிறது: சென்னை முருகப்பா குழுமம் 55 டன் ‘ரைனோ’ மின் லோரியைச் சந்தையில் விடுகிறது, 1948இல் பிறந்த அசோக் லேலண்டும் அதே எடையில் ஒன்றைக் காட்டியிருக்கிறது. இந்திய அரசு 2025 ஜூலையில் ஒரு மின் லோரிக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை சலுகை அறிவித்தது. பழைய டீசல் லோரியை உடைத்த சான்றிதழைக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பேட்டரிக்கு ஐந்து வருடம் அல்லது ஐந்து லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதத்தை விற்பவர் கொடுத்தாக வேண்டும்.

மலேசியாவிலும் கண்டெய்னர் துறையின் பெரிய நிறுவனமான ஸ்விஃப்ட் ஹாலேஜ் வோல்வோவின் மின் பிரைம் மூவர்களை ஏற்கெனவே சாலையில் இறக்கியிருக்கிறது. பெரியவர்களுக்கு முடியும். தங்கள் சரக்கு எவ்வளவு புகையுடன் நகர்கிறது என்று அறிக்கையில் காட்ட வேண்டிய பன்னாட்டு வாடிக்கையாளர்கள் அவர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் தருவார்கள், வங்கி அந்த ஒப்பந்தத்தைப் பார்த்துக் கடன் தரும். மூன்று நான்கு லோரி வைத்து அவர்களிடமிருந்து துணைக் குத்தகை எடுப்பவருக்கு இரண்டும் இல்லை. அவர் புது லோரி வாங்குகிறவரே அல்ல. வெளிநாட்டில் பத்து வருடம் ஓடிக் களைத்துவந்த ‘ரீகோன்’ ஹெட்டை வாங்கி, இன்ஜினைப் பிரித்துப் போட்டு, இன்னொரு பத்து வருடம் ஓட்டுகிறவர். பழைய டீசல் இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே அதன் ஆயுளைச் சொல்லும் மெக்கானிக் அவருக்குத் தெரியும். பத்து வருடம் ஓடிய பேட்டரியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல ஆள் இன்னும் இல்லை. அதனால் விற்கும்போதே பேட்டரியின் நிலையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் வேலையை புஸ்பகோம் போன்ற ஓர் ஆய்வு மையம் எடுத்துக்கொண்டால்தான், இந்த வட்டாரத்துச் சிறு யார்டுகளுக்குள் முதல் மின் லோரி நுழையும். அது பழைய லோரியாகத்தான் நுழையும்.