நோவு என்னும் காவலன்

கல்முனைக்கு அருகே, மருதமுனைத் தறியில் அறுந்த நூலை நெசவாளர் விரல்கள் தடவி அறிந்து முடிச்சிடுகின்றன. இவ்வாற்றல் எங்கிருந்து வந்தது?

எமது தோலிலுள்ள வாங்கிகளே அதற்குக் காரணமாம். மேற்றோலை ஒட்டிய மைசனரின் சிறுதுணிக்கைகள் மெல்லிய தொடுகையை உணர்கின்றன. ஆழத்தே, வெங்காயம்போல் அடுக்கடுக்காய் அமைந்த பசினியன் சிறுதுணிக்கைகள் அதிர்வை அறிகின்றன. உறையற்ற நரம்பு நுனிகளோ நோவையும் சூட்டையும் அறிவிக்கின்றன. ஏறக்குறைய 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை உணரும் வாங்கியே மிளகாயின் காரத்தையும் மூளைக்குச் சூடென உரைக்கிறது. அதனைக் கண்டறிந்த டேவிட் யூலியசும், தொடுகைக்குரிய வாங்கியைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021இல் நொபெல் பரிசு பெற்றனர்.

நோவு நமக்குப் பகையன்று, காவலன். தொழுநோய் நரம்புகளைக் கெடுக்கும்போது அக்காவல் நீங்குகிறது. அடுப்புச் சட்டி சுட்டாலும் கை விலகுவதில்லை. கவனியாத புண் ஊனமாகிறது. விரல்கள் தாமாக உதிர்வதில்லை என்பதை வேலூரில் பணியாற்றிய டாக்டர் போல் பிராண்ட் விளக்கிக் காட்டினார்.

ஆதலால், உணர்ச்சியற்ற வெளிறிய படை தோலில் தோன்றின் நாணி மறைத்தல் தகாது. மருந்தினால் அந்நோய் முற்றாக மாறும். காலந்தாழ்த்தினாலோ, நோய் மாறிய பின்னும் இழந்த உணர்ச்சி மீளாமற் போகலாம். உடனே வைத்தியரை நாடுவோமாக!